பேணும் கடமை: மாசச்சூசெட்ஸ் பொதுப் பள்ளிகளின் வரலாறு

பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்பு நாடி வந்த மக்கள் புதிய ஊரில் முதலில் தேடுவது வேலை; அடுத்துத் தேடுவது குடியிருக்க ஓர் இடம்; மூன்றாவதாகத் தேடுவது பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம். மும்பையில் வாழும் நம்மவர்க்கு இதனை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மாநகராட்சி நடத்தும் தமிழ்ப் பள்ளியில் எழுத்தறிந்தோர் நம்மிடையே பலர் உளர். சங்கங்களும் கழகங்களும் நிறுவிய பள்ளிகளில் பயின்றோரும் பலர் உளர். முன்னது ஊரார் வரிப்பணத்தைக் கொண்டு ஊராட்சி மன்றமே நடத்துவது. பின்னது ஆர்வமுடையார் சிலர் கூடி நடத்துவது. அதற்கும் அரசின் பொருளுதவி கிடைப்பதுண்டு. பொதுமக்கள் பணத்தைக் கொண்டு முன்னதை வளர்ப்பதா, பின்னதைப் பெருக்குவதா என்னும் வினா நம் நாட்டில் நெடுநாளாக இருந்து வருகின்றது.

இவ்வினா நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டில் மாசச்சூசெட்ஸ் என்னும் மாநிலத்தில், 2016ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 8ஆம் நாள், ஏறத்தாழ இதே வினா பொதுமக்கள் முன் வாக்கெடுப்புக்கு வந்தது. அந்நாட்டின் வேறு எம்மாநிலத்தைக் காட்டிலும் அம்மாநிலத்தில் இவ்வினாவுக்கு வேர் ஆழமானது. ஆகவே அதன் வரலாற்றைச் சிறிது விரிவாகக் காண்போம். பிறர் வீட்டு வரலாறு நம் வீட்டுக்கு விளக்காவதும் உண்டு.

பழைய சட்டமும் ஒரு சொல்லும்

மாசச்சூசெட்ஸில் குடியேறிய ஆங்கிலேயர், சமயத் துறையில் கடும் பற்றுடைய பியூரிட்டன்கள். கிறித்துவத் திருநூலைத் தாமே படித்தறியாத மக்களைச் சாத்தான் எளிதில் ஏமாற்றிவிடுவான் என்று அவர்கள் அஞ்சினர். அவ்வச்சமே ஒரு சட்டத்திற்கு வித்தாயிற்று. ஐம்பது குடும்பங்கள் வாழும் ஒவ்வோர் ஊரும் எழுத்தும் படிப்பும் கற்பிக்க ஓர் ஆசிரியரை அமர்த்தல் வேண்டும்; நூறு குடும்பங்கள் உள்ள ஊர் இலக்கணப் பள்ளி ஒன்றை நடத்துதல் வேண்டும் என 1647இல் விதித்தனர். நோக்கம் சமயம் பற்றியதேயாயினும், பிள்ளைகளுக்குக் கற்பித்தல் ஊரின் பொறுப்பு என்னும் கருத்து அன்றே அங்கு வேரூன்றியது.

ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்து, அமெரிக்கக் குடியேற்றங்கள் இங்கிலாந்தினின்றும் பிரிந்த காலத்தில், இம்மாநிலம் தனக்கென ஓர் அரசியலமைப்பை இயற்றிக்கொண்டது. 1780இல் நடைமுறைக்கு வந்த அவ்வமைப்பின் முதல் வரைவை எழுதியவர், பின்னாளில் அமெரிக்காவின் இரண்டாம் குடியரசுத் தலைவரான ஜான் ஆடம்ஸ். எழுத்து வடிவில் அமைந்து இன்றும் நடைமுறையில் உள்ள அரசியலமைப்புக்களுள் உலகில் இதுவே பழையது என்பர். அதில் கல்வியைப் பற்றித் தனிப் பகுதி ஒன்று உண்டு. ஊர்களில் உள்ள பொதுப் பள்ளிகளைப் பேணுவது சட்டமன்றத்தாருக்கும் ஆட்சியாளருக்கும் கடமை என்று அப்பகுதி உரைக்கின்றது. ஆங்கில மூலத்தில் உள்ள அச்சொல், அன்போடு போற்றி வளர்த்தல் என்னும் பொருளுடையது. சட்ட நூல்களில் காண்பதற்கரிய அச்சொல் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் உறங்கிக் கிடந்து, பின்னர் ஒரு நாள் எழுந்து பெரும்பணி ஆற்றியது. அதனைப் பின்னர்க் காண்போம்.

ஹோரேஸ் மான் ஆற்றிய தொண்டு

சட்டம் இருந்தும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊர்ப் பள்ளிகள் சீர்கெட்டுக் கிடந்தன. ஆண்டில் சில வாரங்களே பள்ளி நடைபெற்றது. கட்டடங்கள் பாழடைந்தன, பயிற்சியற்றோர் ஆசிரியர் ஆயினர். பொருள் உள்ளோர் தம் பிள்ளைகளைக் கட்டணம் பெறும் தனியார் கல்விக்கூடங்களுக்கு அனுப்பினர். எஞ்சியோர் ஊர்ப் பள்ளியில் கிடைத்ததைக் கற்றனர்.

1837இல் மாநிலக் கல்வி வாரியம் ஒன்று அமைந்தது. அதன் முதற் செயலாளர் பொறுப்பை ஏற்றவர் ஹோரேஸ் மான். வழக்கறிஞராகவும் மாநில மேலவையின் தலைவராகவும் விளங்கிய அவர், வருவாய் மிக்க தொழிலைத் துறந்து, ஆண்டுக்கு 1,500 டாலர் ஊதியத்துக்கு இப்பணியை ஏற்றார். அவ்வாரியத்துக்கு ஆணையிடும் அதிகாரம் எதுவும் இல்லை. செய்தி திரட்டலாம், அறிக்கை எழுதலாம், மக்களிடம் எடுத்துரைக்கலாம். அவ்வளவே. மான் குதிரையேறி ஊர் ஊராகச் சென்றார், பள்ளிகளைக் கண்டார், மேடைகளில் பேசினார், 12 ஆண்டறிக்கைகள் எழுதினார். எழுதும் பேச்சும் அன்றி வேறு படைக்கலம் அவரிடம் இல்லை.

அவர் கூறிய கருத்துக்களுள் இரண்டு நம் பொருளுக்கு இன்றியமையாதவை. ஒன்று, கல்விக்கு ஆகும் செலவு வீண் செலவன்று, விளைச்சல் தரும் முதலீடு என்பது. ஆலை முதலாளிகளிடம் வினவி, கற்ற தொழிலாளர் கல்லாதாரினும் மிகுதியாகவும் செம்மையாகவும் உழைப்பதை அவர் தம் ஐந்தாம் அறிக்கையில் எடுத்துக்காட்டினார். மற்றொன்று, பொருளும் செல்வாக்கும் உடையோர் தம் பிள்ளைகளை வேறிடத்துக்கு அனுப்பிவிட்டால், ஊர்ப் பள்ளி நலிவதைக் கண்டு கவலைப்பட எவரும் இரார் என்பது. எல்லோர் பிள்ளையும் பயிலும் பள்ளியே எல்லோராலும் காக்கப்படும் என்று அவர் நம்பினார். செல்வர், வறியர் என்னும் வேறுபாட்டின் கொடுமையைக் குறைக்கவல்லது கல்வியே என்பது அவர் துணிபு.

1839இல் லெக்சிங்டன் என்னும் ஊரில் மாநிலத்தின் முதல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி திறக்கப்பட்டது. முதல் நாள் வந்து சேர்ந்தவர் மூவரே, மூவரும் பெண்டிர். அதற்கடுத்த ஆண்டே வாரியத்தை ஒழித்துவிடச் சட்டமன்றத்தில் முயன்றனர், அம்முயற்சி தோற்றது. மான் 1848இல் பணியினின்று விலகியபோது பள்ளிகளுக்கான செலவு ஏறத்தாழ இருமடங்காகியிருந்தது. 1852இல் எட்டு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகள் ஆண்டுக்குப் பன்னிரண்டு வாரமேனும் பள்ளி செல்லவேண்டும் என்னும் கட்டாயக் கல்விச் சட்டம் அங்கு நிறைவேறியது. அமெரிக்க மாநிலங்களுள் இத்தகைய சட்டம் செய்ததில் முதன்மை மாசச்சூசெட்ஸுக்கே உரியது.

பொதுப் பள்ளியின் குறைகள்

பொதுப் பள்ளி என்னும் பெயர் பெற்றதனால் மட்டும் அது எல்லோர்க்கும் பொதுவாகிவிடவில்லை. வரலாற்றை உள்ளவாறு கூறுவதாயின் இதனை மறைத்தல் ஆகாது.

பாஸ்டன் நகரில் கறுப்பினச் சிறுமி ஒருத்தி, வழியில் உள்ள ஐந்து வெள்ளையர் பள்ளிகளைக் கடந்து, தன் இனத்தார்க்கென ஒதுக்கிய பள்ளிக்கு நடந்து செல்லவேண்டியிருந்தது. அவள் தந்தை வழக்குத் தொடுத்தார். சார்லஸ் சம்னர் என்னும் புகழ் பெற்ற வழக்கறிஞரும், கறுப்பினத்தவரான இராபர்ட் மாரிஸ் என்பாரும் அவருக்காக வாதாடினர். 1850இல் மாநில உச்ச நீதிமன்றம் பிரித்து வைத்தது சரியே எனத் தீர்ப்பளித்தது. ஆயினும் மக்கள் ஓயவில்லை. 1855இல் மாநிலச் சட்டமன்றமே இனம் பற்றிப் பள்ளியில் சேர்க்க மறுத்தலைத் தடை செய்தது.

சட்டம் தடுத்ததை வீட்டு வரிசைகள் மீண்டும் கொணர்ந்தன. இருபதாம் நூற்றாண்டில் பாஸ்டனில் கறுப்பர் ஒரு பகுதியிலும் வெள்ளையர் ஒரு பகுதியிலும் வாழ்ந்தமையால், பள்ளிகளும் அவ்வாறே பிரிந்து நின்றன. நகரக் கல்விக் குழுவும் அப்பிரிவை வேண்டுமென்றே காத்தது. 1974இல் நடுவர் ஆர்தர் காரிட்டி இதனைச் சட்டத்துக்கு மாறானது எனத் தீர்த்து, பிள்ளைகளைப் பேருந்துகளில் ஏற்றி ஒரு பகுதியினின்று மற்றொரு பகுதிப் பள்ளிக்கு அனுப்ப ஆணையிட்டார். சிறுவர் ஏறிய பேருந்துகள்மீது கல்லெறிந்தோரும் இருந்தனர். வெள்ளைக் குடும்பங்கள் பல நகரப் பள்ளிகளை விட்டு நீங்கின.

மற்றொரு குறை பொருள் பற்றியது. அமெரிக்காவில் பள்ளிச் செலவின் ஒரு கணிசமான பகுதி அந்தந்த ஊரின் வீட்டு வரியினின்று வருவது. மாளிகைகள் நிறைந்த ஊர் குறைந்த வரி விதித்தும் நிறையப் பணம் திரட்டும். எளியோர் வாழும் ஆலை நகரம் கூடுதல் வரி விதித்தும் போதிய பணம் காணாது. 1980இல் வீட்டு வரிக்கு மேல்வரம்பு கட்டும் சட்டத்தை மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேற்றினர். அதன்பின் எளிய நகரங்களின் பள்ளிகள் மேலும் இளைத்தன. ஒரே மாநிலத்தில் ஓர் ஊர்ப் பிள்ளைக்கு ஆய்வுக்கூடம். மற்றோர் ஊர்ப் பிள்ளைக்குப் பாடநூலும் பற்றாக்குறை.

பட்டயப் பள்ளி பிறந்த கதை

இக்குறைகளைக் கண்டு மனம் நொந்தோர் பலர். அவர்களுள் ரே பட் என்பவர் ஒருவர். மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர். கல்வித் துறையின் மேலதிகாரிகளைக் கடந்து, ஆசிரியர் குழுவொன்றுக்கே பட்டயம் அளித்து, புதுமுறையில் கற்பிக்க விடலாம் என்பது அவர் எண்ணம். பட்டயம் என்பது நம் நாட்டார் அறியாததன்று. 1600இல் இங்கிலாந்து அரசி அளித்த பட்டயத்தைக் கொண்டே கிழக்கிந்தியக் கம்பெனி கீழ்த்திசைக் கடலில் வாணிகம் செய்ய வந்தது. இன்ன பணியை, இத்தனை காலத்துக்கு, இவ்விதிகளின்படி செய்க என அரசு தரும் உரிமையே பட்டயம். கடல் வாணிகத்துக்கும் நாடு காண் பயணத்துக்கும் உரிய அச்சொல்லை ரே பட் பள்ளிக்கு எடுத்தாண்டார். ஆங்கிலத்தில் சார்ட்டர் பள்ளி என்று வழங்குவதை நாம் பட்டயப் பள்ளி என்போம்.

1988இல் ஆசிரியர் சங்கத் தலைவர்களுள் ஒருவரான ஆல்பர்ட் ஷாங்கர் வாஷிங்டன் நகரில் ஆற்றிய உரையால் இக்கருத்து நாடெங்கும் பரவியது. பொதுப் பள்ளிக்குள்ளேயே சிறு சோதனைப் பள்ளிகளை ஆசிரியர் நடத்த வேண்டும். அங்குக் கண்ட நன்மை எல்லாப் பள்ளிக்கும் சென்று சேர வேண்டும் என்பதே அவர் கருதியது. 1991இல் மின்னசோட்டா மாநிலம் இதற்கு முதற்சட்டம் இயற்றியது. 1992இல் அம்மாநிலத்துச் செயின்ட் பால் நகரில் முதல் பட்டயப் பள்ளி திறந்தது. ஆயின் கருத்து வளர்ந்த வழி வேறு. ஆசிரியர் குழுக்களுக்கு அளிப்பதாக எண்ணிய பட்டயங்களைப் பல இடங்களில் தனி அமைப்புக்களும், சில மாநிலங்களில் ஆதாயம் நாடும் நிறுவனங்களும் பெற்றன. பள்ளியோடு பள்ளி போட்டியிட்டால் தரம் உயரும் என்னும் வாணிகக் கொள்கை இதனுடன் கலந்தது. இப்போக்கைக் கண்டு ஷாங்கரே பின்னாளில் இதனைக் கடிந்து பேசலானார். எனினும் 2020களின் தொடக்கத்தில் அமெரிக்கா முழுதும் 35 லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் பட்டயப் பள்ளிகளில் பயின்றனர்.

1993: ஒரே வாரத்தில் இரு நிகழ்ச்சிகள்

இனி மாசச்சூசெட்ஸுக்கு மீள்வோம். எளிய ஊர்களைச் சேர்ந்த மாணவர் சார்பில் நெடுநாளாக நடந்துவந்த வழக்கொன்றில், 1993 ஜூன் 15ஆம் நாள், மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. 1780இல் ஜான் ஆடம்ஸ் எழுதிய அந்தப் பேணுதல் என்னும் சொல் வெறும் அணிச்சொல் அன்று. செல்வ நிலை எதுவாயினும் ஒவ்வோர் ஊரிலும் உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் போதிய கல்வி அளிக்கும் கடமையை அது மாநிலத்தின்மேல் சுமத்துகின்றது என்று நடுவர்கள் தீர்த்தனர். உறங்கிக் கிடந்த சொல் எழுந்தது இவ்வாறுதான்.

மூன்று நாள் கழித்து, ஜூன் 18இல், ஆளுநர் வில்லியம் வெல்ட் கல்விச் சீர்திருத்தச் சட்டத்தில் கையொப்பமிட்டார். ஒரு பிள்ளைக்குக் கற்பிக்க இவ்வளவு செலவாகும் என அச்சட்டம் அடிப்படைக் கணக்கு ஒன்றை வகுத்தது. ஊரார் தம் வரியால் ஈடுசெய்ய இயலாத பகுதியை மாநிலம் தரவேண்டும் என்றது. ஏழெட்டு ஆண்டுகளில் மாநிலத்தின் பள்ளி உதவிப் பணம் இருமடங்குக்கு மேலாயிற்று. 2005 முதலாக நாடு தழுவிய தேர்வுகளில் மாசச்சூசெட்ஸ் மாணவர் முன்வரிசையில் நிற்கலாயினர்.

அதே சட்டம் பட்டயப் பள்ளிகளுக்கும் வாயில் திறந்தது. முதலில் 25 பள்ளிகளே அமையலாம் என வரம்பு கட்டினர். 1995இல் முதல் பள்ளிகள் திறந்தன. பின்னர் வரம்பு படிப்படியாக உயர்ந்தது. ஊர்க் கல்விக் குழுவின் இசைவோடு அமையும் ஒருவகைப் பட்டயப் பள்ளிக்கு 1997இல் ஹோரேஸ் மானின் பெயரையே இட்டனர். பொதுப் பள்ளிக்காகத் தொழிலைத் துறந்தவரின் பெயர் இங்கு வந்து அமைந்தது ஒரு வியப்பே.

ஆகவே பொதுப் பள்ளிக்கு முதலீடும் பட்டயப் பள்ளிக்கு இசைவும் அம்மாநிலத்தில் ஒரே சட்டத்தில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள். பிறக்கும்போது பகை இல்லை. பகை எப்போது வந்தது? முதற்பிள்ளைக்கு உணவு குறைந்தபோது வந்தது.

2016: மக்கள் முன் வந்த வினா

பட்டயப் பள்ளிக்குப் பணம் செல்லும் முறையை இங்கு அறிதல் வேண்டும். ஒரு பிள்ளை ஊர்ப் பள்ளியை விட்டுப் பட்டயப் பள்ளியில் சேர்ந்தால், அப்பிள்ளைக்குரிய பணமும் உடன் செல்லும். கேட்பதற்கு இது நியாயமே. ஆயின் நூறு பிள்ளைகள் விலகும்போது ஒரே வகுப்பினின்று நூறு பேர் விலகுவதில்லை. இங்கொருவர் அங்கொருவராகப் பல பள்ளிகளினின்று விலகுவர். வகுப்பறை அப்படியே இருக்கும், ஆசிரியரும் வேண்டும், குளிர்காலத்தில் கட்டடத்துக்கு வெப்பமும் ஊட்டவேண்டும். செலவு குறையாது, வரவு மட்டும் குறையும். இதனை ஈடுசெய்யச் சில ஆண்டுகளுக்கு மாநிலம் ஒரு தொகை தரவேண்டும் என்பது சட்டம். அத்தொகையும் முழுமையாகக் கிடைக்காத ஆண்டுகள் உண்டு.

2010இல் தேர்ச்சி மிகக் குறைந்த ஊர்களில் பட்டயப் பள்ளிகளுக்குச் செல்லக்கூடிய பங்கை, பள்ளிச் செலவில் நூற்றுக்கு 9 என்பதினின்று 18 என உயர்த்தினர். அதுவும் போதாது என்று 2016இல் ஒரு கோரிக்கை எழுந்தது. வரம்புகளுக்கு மேலாக ஆண்டுதோறும் பன்னிரண்டு பட்டயப் பள்ளிகள் வரை புதிதாகத் தொடங்கவோ விரிக்கவோ இசைவு தரலாமா என்பதே மக்கள் முன் வைத்த வினா.

ஆம் என்றோர் தரப்பில் வலுவான சான்று இருந்தது. பட்டயப் பள்ளியில் இடத்தைவிட விண்ணப்பம் மிகுந்தால் குலுக்கல் சீட்டு எடுப்பர். ஜோஷுவா ஆங்ரிஸ்ட் முதலிய பொருளியல் அறிஞர் சீட்டு விழுந்த பிள்ளைகளையும் விழாத பிள்ளைகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். பாஸ்டன் போன்ற நகரங்களின் பட்டயப் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகள், சிறப்பாகக் கணக்குப் பாடத்தில், பெரிதும் முன்னேறியதைக் கண்டனர். நகரங்களுக்கு வெளியே உள்ள பட்டயப் பள்ளிகளில் அத்தகைய முன்னேற்றம் காணப்படவில்லை என்பதும் அவர்கள் கண்டதே. இடம் வேண்டிக் காத்திருப்போர் 30,000 பேருக்கு மேல் என்று ஆதரவாளர் கூறினர். அப்பெயர்களுள் பெரும்பாலானவை கறுப்பின, இலத்தீன் அமெரிக்கக் குடும்பத்துப் பிள்ளைகளுடையவை. குலுக்கலில் தன் பிள்ளையின் பெயர் வராத தாய்க்குக் கொள்கை விளக்கம் ஆறுதல் தராது. ஆளுநர் சார்லி பேக்கர் இவர்கள் பக்கம் நின்றார்.

இல்லை என்றோரும் வலுவின்றி நிற்கவில்லை. மாநில மாணவருள் நூற்றுக்கு நால்வர் அளவே பட்டயப் பள்ளியில் பயின்றனர்; நால்வருக்கு நன்மை செய்யப்போய்த் தொண்ணூற்றறுவர் பள்ளியை நலியச் செய்யலாமா என்று அவர்கள் கேட்டனர். ஊர்க் கல்விக் குழுக்கள் பல எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றின. கறுப்பின மக்களின் பழம்பெரும் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி., பட்டயப் பள்ளிப் பெருக்கத்தை நிறுத்திவைக்க வேண்டும் என அவ்வாண்டே கோரியது. தாமே ஒரு பட்டயப் பள்ளியின் நிறுவனக் குழுவில் இருந்தவரான பாஸ்டன் மேயர் மார்ட்டி வால்ஷ், நகரத்தின் வரவு செலவு இவ்வேகத்தைத் தாங்காது எனக் கூறி எதிர்த்தார்.

இருதரப்பும் சேர்ந்து 4 கோடி டாலருக்கு மேல் செலவிட்டன. ஆதரவுத் தரப்பில் பெருந்தொகை வெளிமாநிலங்களினின்று வந்தது. பணம் கொடுத்தோர் பெயரை மறைத்த குற்றத்துக்காக ஓர் அமைப்பு 2017இல் 4 லட்சம் டாலருக்கு மேல் செலுத்த நேர்ந்தது. எதிர்த்தரப்பின் பணம் பெரும்பாலும் ஆசிரியர் சங்கங்களுடையது. முடிவில் நூற்றுக்கு 62 பேர் வேண்டாம் என்றனர். 38 பேர் வேண்டும் என்றனர். பாஸ்டன் நகரமும் வேண்டாம் என்றே வாக்களித்தது.

வாக்குக்குப் பின் செய்தது

இவ்வரலாற்றை இங்கு நிறுத்துவோர் பலர். நம் கருத்தில் இதன் உயிர்நிலை இதற்கடுத்த பகுதியில்தான் உள்ளது.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குச் செல்வது எளிது. நல்ல பள்ளியுள்ள ஊரில் வாழ்வோர் அவ்வாறு சொல்வது இன்னும் எளிது. காத்திருந்த ஏழைப் பிள்ளையின் கதவை அடைத்துவிட்டு, அவன் பயிலும் பள்ளியைத் திருத்தாமல் விட்டால், அவ்வாக்கு அறம் ஆகாது. 1993இல் வகுத்த அடிப்படைக் கணக்கு காலத்துக்கு ஏற்ப மாறாமல் பின்தங்கியிருந்தது. உண்மைச் செலவைவிட ஆண்டுக்கு 100 கோடி டாலர் அளவேனும் அக்கணக்கு குறைவாக உள்ளது என்பதை மாநிலம் அமைத்த ஆய்வுக்குழுவே 2015இல் கூறியிருந்தது. ஊழியர் மருத்துவக் காப்புச் செலவு, சிறப்புக் கல்வி, ஆங்கிலம் அறியாது வரும் பிள்ளைகள், வறுமையில் வளரும் பிள்ளைகள் என நான்கு இடங்களில் கணக்குத் தவறியிருந்தது.

நான்காண்டுகள் பெற்றோரும் ஆசிரியரும் ஊர்க் குழுவினரும் விடாது வற்புறுத்தினர். 2019 நவம்பரில், ஏழாண்டுகளில் படிப்படியாக 150 கோடி டாலரைப் பொதுப் பள்ளிகளுக்குக் கூடுதலாகத் தரும் சட்டம் நிறைவேறியது. 1821இல் தோன்றியதும் நாட்டின் முதல் பொது உயர்நிலைப் பள்ளி எனப் போற்றப்படுவதுமான பாஸ்டன் பள்ளியொன்றில் அமர்ந்து அதில் கையொப்பமிட்டவர், முன்னர்ப் பட்டயப் பள்ளிப் பெருக்கத்தை ஆதரித்த அதே சார்லி பேக்கர். 2022இல் மக்கள் மேலும் ஒரு படி சென்றனர். ஆண்டு வருவாய் 10 லட்சம் டாலருக்கு மேற்படுமாயின், மேற்பட்ட தொகைக்கு நூற்றுக்கு 4 வீதம் கூடுதல் வரி விதித்து, அதனைக் கல்விக்கும் போக்குவரத்துக்கும் செலவிடும் திருத்தத்தை வாக்களித்து ஏற்றனர். 52 விழுக்காட்டினரே ஆதரித்தனர். வெற்றி சிறிதாயினும் பொருள் பெரிது. பேணுதல் என்னும் சொல்லுக்கு மக்கள் தம் பணத்தால் உரை எழுதினர் எனலாம்.

பட்டயப் பள்ளிகள் அங்கு மறையவில்லை. வரம்புக்குள் நின்று இன்றும் நடைபெறுகின்றன. அவற்றுள் மிகச் சிறந்தனவும் உள்ளன. சோதனைக் கழனி ஒன்று வேண்டுவதே. ஆயின் ஊர் முழுதும் உண்ணும் நெல்லைச் சோதனைக் கழனி விளைவிக்க இயலாது. அதற்கு ஊரின் வயல்களுக்கே நீர் பாய்ச்சவேண்டும். இதுவே மாசச்சூசெட்ஸ் வரலாறு நமக்கு உணர்த்தும் செய்தி.

நம் நாட்டில்

நம் நாட்டில் இவ்வினா 1854ஆம் ஆண்டு முதல் உள்ளது. சார்லஸ் வுட் விடுத்த கல்வி அறிக்கை, தனியார் நடத்தும் பள்ளிகளுக்கு அரசு உதவிப் பணம் அளிக்கும் முறையை வகுத்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாய இலவசத் தொடக்கக் கல்வி வேண்டிக் கோபால கிருஷ்ண கோகலே 1911இல் கொணர்ந்த மசோதா, அடுத்த ஆண்டு 38க்கு 13 என்னும் வாக்குகளில் தோற்றது. எல்லாத் தரத்துப் பிள்ளைகளும் கூடிப் பயிலும் பொதுப் பள்ளி முறை வேண்டும் என்றும், தேசிய வருமானத்தில் நூற்றுக்கு 6 பங்கு கல்விக்கு வேண்டும் என்றும் 1966இல் கோத்தாரி குழு கூறியது. 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பு இடங்களில் நூற்றுக்கு 25ஐ எளிய பிள்ளைகளுக்கு ஒதுக்கி, அச்செலவை அரசு ஈடுசெய்யுமாறு விதித்தது.

வெளியூர்த் தமிழராகிய நாம் இவ்வினாவின் இருபுறமும் வாழ்கின்றோம். மாதுங்காவில் 1932இல் தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கமும், தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் உதவி பெறும் பள்ளிகளும் நம் முன்னோர் முயற்சியின் பயன்கள். அவற்றை எண்ணிப் பெருமை கொள்வது தகும். ஆயின் தாராவியில் வாழும் தொழிலாளியின் பிள்ளைக்கு அருகில் உள்ளது மாநகராட்சிப் பள்ளியே. பல மொழிகளில் கற்பிக்கும் அம்மாநகராட்சி, நம் தமிழ் மொழியிலும் கற்பித்து வருகின்றது. தாய் மண்ணினின்று நெடுந்தொலைவில், பிறர் வரிப்பணமும் நம் வரிப்பணமும் கலந்து நம் பிள்ளைக்குத் தமிழ் கற்பிப்பது சிறிய செய்தியன்று. நம்மில் வசதி பெற்றோர் அப்பள்ளியை விட்டு விலகிய பின், அதன் கூரை ஒழுகுகின்றதா, ஆசிரியர் உளரா என்று நாம் சென்று கேட்டதுண்டா? ஹோரேஸ் மான் 1837இல் அஞ்சியது இதனையே.

அரசும் உள்ளாட்சியும் நடத்தும் பள்ளிகளில் மேலாண்மைக் குழு அமைத்தல் வேண்டும் என்றும், அதில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருத்தல் வேண்டும் என்றும் கல்வி உரிமைச் சட்டம் கூறுகின்றது. அக்குழுவில் நம்மவர் அமரட்டும், கணக்குக் கேட்கட்டும், குறை கண்டால் எழுதட்டும். நம் சங்கம் ஆண்டு விழாவில் வழங்கும் பரிசுகளுள் ஒரு பங்கு மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி மாணவர்க்குச் செல்லட்டும். நாம் நிறுவிய பள்ளிகளையும் நாம் வளர்ப்போம். ஆயின் நாம் நிறுவாத பள்ளியும் நம்முடையதே. அங்குப் பயில்வோரும் நம் பிள்ளைகளே. அவர்களைப் பேணும் கடமையை எப்பட்டயத்தாலும் பிறருக்கு எழுதிக்கொடுத்துவிட இயலாது.